மாதம் 5,000 ரூபாய்: தியேட்டர் சிஸ்டருக்கு வி.பி.எஃப்.பா, என்.பி.எஸ்.ஸா, ஃபண்டா, மனையா, நகையா?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், ஆபரேஷன் தியேட்டர் ஆட்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "மாசம் ஒரு அஞ்சாயிரம் ஒதுக்க முடியும் சார், எதுல போடலாம்?" கேட்பவர்கள் மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கும் நர்ஸ்கள், அனஸ்தீசியா டெக்னீஷியன்கள். பாதிக் குழப்பத்தோடுதான் வருவார்கள். வீட்டுக்காரர் மனை என்கிறார், அம்மா நகை என்கிறார், கூட வேலை பார்க்கும் சிஸ்டரின் கணவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், தம்பி மொபைலைத் திறந்து மியூச்சுவல் ஃபண்டைக் காட்டுகிறான்.

இணையத்தில் 'நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் ஓய்வுக்காலத் திட்டம்' என்று தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கக் கணக்கு. அங்கே அந்த நர்ஸே மயக்கம் கொடுப்பார், ஆண்டுச் சம்பளம் சாதாரணமாக 2 லட்சம் டாலரைத் தாண்டும். வரியை எப்படிக் குறைப்பது என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலை. இங்கே மயக்கம் கொடுப்பவர் டாக்டர். மெஷினைச் சோதித்து, டியூப், லாரிங்கோஸ்கோப், மருந்து எல்லாம் எடுத்து வைத்து, நோயாளி கண் விழிக்கும் வரை கூட நிற்பவர்கள் நம்மவர்கள். சம்பளத்தில் வரி பிடிக்கும் அளவுக்குப் பணம் வருவதே அபூர்வம். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை. ஆகவே 'வரி மிச்சம்' என்று யாராவது ஒரு திட்டத்தை விற்க வந்தால், நமக்கு அது பொருந்தாது என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

கணக்குக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். வயது 32, ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு தியேட்டரில் பத்து வருட அனுபவம், கைக்கு வருவது 24,000 ரூபாய். பி.எஃப். பிடிப்பது 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு. 57 வயது வரை, அதாவது இன்னும் 25 வருடம், மாதம் 5,000 ரூபாய் போடுவார். அரசு மருத்துவமனை நர்ஸ்களின் கணக்கு வேறு. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்கான ஓய்வூதிய விதிகளே இப்போது மாறிக்கொண்டிருப்பதால் அவர்களை இதில் சேர்க்கவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

வட்டி எவ்வளவு என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தியேட்டர் வேலைக்கு அது மூன்றாவது நான்காவது கேள்வி.

முதல் கேள்வி உடம்பு. 58 வரை சம்பளம் வரும் என்று எல்லாத் திட்டமும் நினைத்துக்கொள்கிறது. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, நைட் டியூட்டி, ஆன்-கால், எக்ஸ்-ரே பார்த்துச் செய்யும் கேஸ்களில் லெட் ஏப்ரன் கனம், நோயாளியை டேபிளுக்கும் டிராலிக்கும் மாற்றித் தூக்குவது. ஐம்பதை ஒட்டி வெரிகோஸ் நரம்பும் முதுகுவலியும் வந்து, கருவிகளைக் கிருமி நீக்கும் சி.எஸ்.எஸ்.டி.க்கோ, இன்ஃபெக்ஷன் கன்ட்ரோலுக்கோ, நர்சிங் காலேஜுக்கோ மாறியவர்கள் நிறைய. மாறும்போது ஆன்-கால் படி போய்விடும், சம்பளமும் குறையலாம். அதனால் 50 வயதில் போடுவதை நிறுத்தினாலும், தண்டம் எதுவும் இல்லாமல் உள்ளே கிடந்து வளரும் வழிதான் வேண்டும்.

இரண்டாவது, இடைவெளி. கல்யாணம், பிரசவம், ஆஸ்பத்திரி மாறுவது, சவுதி அல்லது குவைத்துக்கு ஒரு காண்ட்ராக்ட். இந்தத் தொழிலில் ஒரே இடத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தவர்கள் குறைவு.

மூன்றாவதைச் சொல்லத் தயக்கம்தான். வீட்டில் முதல் சம்பளக்காரி இவள் என்றால், தம்பி படிப்பு, தங்கை கல்யாணம், மாமனார் ஆஞ்சியோ எல்லாவற்றுக்கும் முதலில் இவளுடைய சேமிப்பைத்தான் பார்ப்பார்கள். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடிகிற பணம் 57 வயது வரை தங்காது. எடுக்கவே முடியாத பணமும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் எது நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

நான்காவது விலைவாசி. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இன்று 20,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு 25 வருடம் கழித்து 86,000 ரூபாய் வேண்டும். ஏஜெண்ட் காட்டும் தாளில் எவ்வளவு பெரிய தொகை இருந்தாலும் அதை நாலேகாலால் வகுத்துப் பாருங்கள். இன்றைய மதிப்பு தெரிந்துவிடும்.

## பி.எஃப்.பும் வி.பி.எஃப்.பும்

உங்கள் பங்கு 12 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 12 சதவீதம். நிர்வாகத்தின் பங்கில் 8.33 சதவீதம், 15,000 ரூபாய் வரம்புக்குட்பட்டு, மாதம் 1,250 ரூபாயாக இ.பி.எஸ். என்ற பென்ஷன் கணக்குக்குப் போகிறது. வி.பி.எஃப். என்பது உங்கள் 12 சதவீதத்துக்கு மேல் நீங்களாகவே சம்பளத்தில் பிடிக்கச் சொல்வது. நிர்வாகம் அதற்கு ஈடாக எதுவும் போடாது, ஆனால் வட்டி அதே வட்டி. 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுக்கும் 8.25 சதவீதம் கொடுத்தார்கள். சொந்தப் பங்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால்தான் தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி. நம் ஆள் அந்த எல்லைப் பக்கமே போகமாட்டார்.

இதே வட்டி நீடித்தால் 5,000 ரூபாய் 25 வருடத்தில் சுமார் 47 லட்சம் ஆகும். இன்றைய மதிப்பில் 11 லட்சம். சங்கடமான எண்தான், ஆனாலும் தெரிந்துகொள்வது நல்லது. சம்பளம் ஏற ஏறப் போடும் தொகையையும் ஏற்றாவிட்டால் எந்தத் திட்டமும் காப்பாற்றாது.

வி.பி.எஃப்.பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பென்ஷன் பகுதியை நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பணத்தை அதிகம் விடுவது அங்கேதான். ஆஸ்பத்திரி மாறும்போது பழைய பி.எஃப்.பை எடுத்துவிடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. கூடவே 10சி படிவம் போட்டு பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுவார்கள். நான்கு வருட வேலைக்கு அப்படிக் கிடைப்பது சம்பளத்தில் நான்கு மடங்கு, 60,000 ரூபாய் சொச்சம். மூன்று ஆஸ்பத்திரி, மூன்று முறை, மொத்தம் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதோடு அந்த 12 வருட சர்வீஸும் அழிந்துவிடும்.

எடுக்காமல் விட்டால் என்ன? பென்ஷன் கணக்கிடும் முறை எளிது: சம்பளத்தைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. 20 வருடம் முடித்தவருக்கு 2 வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். 26 வருடம் வேலை பார்த்தால் 28 என்று எடுத்து, 15,000 × 28 ÷ 70 = 6,000 ரூபாய். 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க. இறந்தால் வாழ்க்கைத் துணைக்கும், 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் ஒரு பகுதி வரும். இந்த 6,000 ரூபாயை 7 சதவீத வட்டியில் நீங்களே ஈட்ட வேண்டுமானால் 10 லட்சத்துக்கு மேல் முதல் வேண்டும். விலைவாசிக்கு ஏற்ப ஏறாத பென்ஷன் என்பது குறைதான். அதற்காக 60,000 ரூபாய்க்கு விட்டுக்கொடுக்கும் பொருள் அல்ல இது. குறைந்தது 10 வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் மாதப் பென்ஷன். யூ.ஏ.என். என்ற ஒரே பி.எஃப். எண்ணில் மாற்றிக்கொண்டே போனால் எல்லா ஆஸ்பத்திரி சர்வீஸும் கூடும்.

2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு, வேலை விட்டவர் முழுப் பணத்தையும் எடுக்கக் காத்திருக்கும் காலத்தை 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், பென்ஷன் பணத்துக்கு 36 மாதமாகவும் நீட்ட முடிவெடுத்தது. தியேட்டர் காபி நேரத்தில் இதற்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. எனக்கென்னவோ நம் தொழிலுக்கு இது நல்லதாகவே படுகிறது.

மறைந்திருக்கும் செலவுகள்: ஒன்று, எல்லாம் நிர்வாகத்தின் கை வழியாகப் போகிறது. சம்பளத்தில் பிடித்துவிட்டு இரண்டு மூன்று மாதம் கட்டாமல் இழுக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. பாஸ்புக்கை மாதா மாதம் பார்க்காதவர்களுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு, வி.பி.எஃப்.பைப் பல இடங்களில் ஏப்ரலில் மட்டும்தான் தொடங்கவோ மாற்றவோ விடுவார்கள். மூன்று, ஐந்து வருடத் தொடர் சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரிக்கணக்கில் வரும். நான்கு, வட்டி வருடா வருடம் அறிவிக்கப்படுவது. 2000-ம் ஆண்டு வரை 12 சதவீதம் கொடுத்த கணக்கு இது. 2021-22-இல் 8.1-க்கு இறங்கியது.

## என்.பி.எஸ்.

தேசிய ஓய்வூதியத் திட்டம் இது. இதன் பெரிய பலம், எந்த ஆஸ்பத்திரியையும் சார்ந்திராதது. 2009 மே முதல் எல்லா இந்தியக் குடிமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் நர்சிங் ஹோம் நர்சிங் ஹோமாகப் போய், கேஸுக்கு இவ்வளவு என்று வாங்கும் டெக்னீஷியன்களுக்கு பி.எஃப். கிடையாது. 20 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் இடங்களுக்கு பி.எஃப். சட்டமே கட்டாயமில்லை. அப்படிப்பட்டவர்கள் பார்க்க வேண்டிய வழி இது. நிர்வாகக் கட்டணம் மிகக் குறைவு, பங்குச் சந்தையிலும் கடன் பத்திரத்திலும் எத்தனை சதவீதம் என்பதை நீங்களே சொல்லலாம், வெளிநாடு போனாலும் தொடரலாம்.

பலவீனம், பணத்துக்கு வெகுகாலம் பூட்டு. மூன்று வருடத்துக்குப் பிறகு படிப்பு, கல்யாணம், வீடு, வைத்தியம் போன்ற காரணங்களுக்கு நீங்கள் போட்டதில் 25 சதவீதம் வரை எடுக்கலாம். 60-இல் ஒரு பகுதியைக் கட்டாயம் ஆன்யுட்டியில், அதாவது காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து மாதத் தொகையாக வாங்கும் திட்டத்தில், போட வேண்டும். வெகுகாலம் அது 40 சதவீதமாக இருந்தது. 2025 டிசம்பரில் அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு 20 ஆகக் குறைத்தார்கள். இந்தத் தளர்வுக்குப் பிறகு என்.பி.எஸ்.ஸைப் பற்றிய என் அபிப்பிராயம் ஒரு படி ஏறியிருக்கிறது. ஐம்பதில் உடம்பு விட்டுவிட்டால் இந்தப் பணம் எளிதில் முழுதாகக் கைக்கு வராது என்ற குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

பி.எஃப். இல்லாத, 40 வயதைத் தாண்டாத, வருமான வரி கட்டாதவர் என்றால் அடல் பென்ஷன் யோஜனாவை முதலில் போட்டுவிடுங்கள். 32 வயதில் சேர்பவர் மாதம் 689 ரூபாய் கட்டினால் 60-லிருந்து மாதம் 5,000. அவருக்குப் பின் துணைக்கு அதே 5,000, இருவருக்கும் பின் வாரிசுக்கு 8.5 லட்சம். வங்கிக் கவுண்டரிலேயே சேரலாம். 40 வயதில் சேர்ந்தால் அதே பென்ஷனுக்கு 1,454 ரூபாய்.

## பி.பி.எஃப்.

பொது வருங்கால வைப்பு நிதி இது. வட்டி 7.1 சதவீதம், 2020 ஏப்ரலிலிருந்து மாறவில்லை. 15 வருடம், அப்புறம் ஐந்து ஐந்து வருடமாக நீட்டலாம். 25 வருடத்தில் நம் 5,000 சுமார் 40 லட்சம் ஆகும். வி.பி.எஃப்.பை விட 7 லட்சம் குறைவு. வட்டிக்கு வரி இல்லை, கோர்ட் உத்தரவாலும் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. கணவர் தொழிலில் கடன் வாங்குபவர் என்றால் இந்தக் கடைசிப் பாதுகாப்பு லேசானதல்ல. மாதம் 5-ம் தேதிக்குள் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அந்த மாத வட்டி போச்சு. வெளிநாடு போன பிறகு புதிதாகத் தொடங்க முடியாது. வி.பி.எஃப். வசதி இருப்பவருக்கு இது இரண்டாம் பட்சம், இல்லாதவருக்கு முதல் பட்சம்.

## இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி.

நிஃப்டி 50 போன்ற குறியீட்டில் இருக்கும் பெரிய கம்பெனிகள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைப்பது இண்டெக்ஸ் ஃபண்ட். அதில் மாதா மாதம் ஒரு தொகை போடுவது எஸ்.ஐ.பி. உத்தரவாதம் கிடையாது. 25 வருடத்துக்கு 8 சதவீதம் வந்தால் 45 லட்சம், 10 வந்தால் 62 லட்சம், 12 வந்தால் 84 லட்சம். விலைவாசியை நல்ல இடைவெளியோடு தாண்டும் வாய்ப்பு இந்தப் பட்டியலில் இதற்குத்தான் அதிகம்.

பயப்பட வேண்டியது சந்தை விழுவதைப் பார்த்தா, அப்போது நாம் செய்வதைப் பார்த்தா என்றால், இரண்டாவதைப் பார்த்துத்தான். 2008 ஜனவரியில் 21,000 அருகே இருந்த சென்செக்ஸ் அதே வருடம் அக்டோபரில் 8,500-க்கும் கீழே போனது. 2020 மார்ச்சில் இரண்டே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது. நர்ஸ்கள் இருபத்து நாலு மணி நேரமும் கோவிட் வார்டில் நின்ற நேரம் அது. அப்போது மொபைலைத் திறந்து பார்த்து விற்காமல் இருந்திருப்பீர்களா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இருந்திருக்க மாட்டேன் என்றால் இதில் 1,500 ரூபாய்க்கு மேல் போட வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு கமிஷன். ஏஜெண்ட் மூலம் வாங்கும் 'ரெகுலர்' வகைக்கும் நேரடி 'டைரக்ட்' வகைக்கும் ஆண்டுக்கு 1 சதவீதம் வித்தியாசம் என்று வையுங்கள். 10 சதவீதத்துக்குப் பதில் 9 வந்தால் 62 லட்சம் 53 லட்சமாகிவிடும். லாபம் ஓர் ஆண்டில் 1.25 லட்சத்தைத் தாண்டினால் தாண்டியதற்கு 12.5 சதவீத வரி, ஆகவே பிற்பாடு மொத்தமாக எடுக்காமல் வருடா வருடம் பிரித்து எடுக்க வேண்டும். மூன்று நாளில் பணம் கைக்கு வந்துவிடும் என்பது இதன் வசதி, தங்கை கல்யாணம் வரும்போது அதுவே இதன் ஆபத்து.

## மனை

மதுரைக்காரர்களிடம் மனை வேண்டாம் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டிய 2019 ஜனவரியிலிருந்து தோப்பூர், திருமங்கலம் பக்கம் எந்தப் பொட்டலைக் காட்டினாலும் 'எய்ம்ஸ் பக்கம்' என்றுதான் சொல்கிறார்கள். விலை ஏறியவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நம் கேள்வி வேறு: மாதம் 5,000 ரூபாய் உள்ளவருக்கு இது ஓய்வுக்காலச் சேமிப்பா?

செலவை அடுக்கிப் பாருங்கள். 10 லட்ச ரூபாய் மனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 90,000. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, 80,000. அதனால் மனை வாங்குவதென்றே முடிவானால் சிஸ்டர் பெயரிலேயே பதியுங்கள், வேறு நல்ல காரணங்களும் உண்டு. அதற்கு மேல் புரோக்கர், வில்லங்கச் சான்று, பட்டா மாறுதல், கல் ஊன்றுவது, இரண்டு மழை பெய்தால் மண்டும் சீமைக் கருவேலத்தை வெட்டுவது, பக்கத்து மனைக்காரர் ஓரடி தள்ளி வேலி போடாமல் காவல் காப்பது. டியூட்டிக்கும் வீட்டுக்கும் ஓடுபவர் சிலைமானுக்கோ நாகமலைக்கோ மாதம் ஒருமுறை போய் மனையைப் பார்க்கிறாரா என்ன?

5,000 ரூபாயில் முழு மனை வராது என்பதால் தவணை மனைத் திட்டத்தைக் காட்டுவார்கள். கடைசித் தவணை கட்டும் வரை பதிவு கிடையாது, கையில் இருப்பது ரசீது மட்டும். அந்தத் திட்டக்காரர் நடுவில் காணாமல் போனால் ரசீதை வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான். நகர் ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அனுமதி எண்ணையும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவு எண்ணையும் கேளுங்கள். கண்மாய், ஓடைப் புறம்போக்கு அருகில் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலகத்தில் பாருங்கள். கண்மாய்கள் நிறைந்த ஊர் இது, எல்லாக் கண்மாயிலும் இன்று தண்ணீர் நிற்பதில்லை என்பதால் தரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

முக்கியமான குறை இன்னொன்று. 57 வயதில் மாதச் செலவுக்கு அரை சென்ட்டைத் தனியாக விற்க முடியாது. விற்றால் முழுதும் விற்க வேண்டும், விற்ற பணத்துக்கு வீட்டில் பங்கு கேட்பார்கள். குடியிருக்க வீடு கட்டப்போகிற மனை என்றால் கணக்கு மாறும். ஓய்வுக்காலத்தில் வாடகை மிச்சமாவது பெரிய விஷயம். அதற்கு வாங்குங்கள். முதலீட்டுக்கு என்றால் நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

## நகை, சீட்டு, எண்டோவ்மெண்ட்

2025 டிசம்பரில் சவரன் லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, பல வருடமாகத் தெற்கு ஆவணி மூல வீதியில் நகை வாங்கிச் சேர்த்த அம்மாக்கள் எல்லோரும் ஜெயித்துவிட்டதாகவே தெரிந்தது. அதே தங்கம் 2012-லிருந்து 2018 வரை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நாணயமாகவோ, பங்குச் சந்தையில் வாங்கும் தங்க ஃபண்டான ஈ.டி.எஃப்.பாகவோ இல்லாமல் நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. என்று வாங்கும் அன்றே ஒரு பகுதி போய்விடும். நகையின் உண்மையான பயன் ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மறுநாள் காலையில் அடகு வைக்கலாம் என்பது. அது அவசர நிதி. ஓய்வுக்கால நிதியாக அது தங்குவதில்லை, மகள் கழுத்துக்குப் போய்விடும்.

வார்டு சீட்டு பற்றி ஒரே வரி: பதிவு செய்யாத சீட்டு நம்பிக்கையில் ஓடுவது, 25 வருடத்துக்கு அந்த நம்பிக்கை போதாது. காப்பீட்டையும் சேமிப்பையும் சேர்த்து விற்கும் எண்டோவ்மெண்ட் பாலிசி பெரும்பாலும் 5 முதல் 6 சதவீதத்துக்கு மேல் தருவதில்லை. 5.5 சதவீதத்தில் நம் 5,000 சுமார் 31 லட்சம்தான் ஆகும், நடுவில் நிறுத்தினால் நஷ்டமும் நம்முடையது. உயிர்க் காப்பீடு வேண்டுமானால் இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசி தனியாக எடுங்கள். பி.எஃப். இருப்பவருக்கு அதோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. திட்டம் மூலம் 7 லட்சம் வரை உயிர்க் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | 25 வருடத்தில், மாதம் 5,000 | ஆஸ்பத்திரி மாறினால் | 50-இல் நிறுத்தினால் | வீட்டார் கேட்டால் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| வி.பி.எஃப். | 47 லட்சம், 8.25% நீடித்தால் | யூ.ஏ.என். வழியாக மாறும் | 58 வரை வட்டி ஏறும் | ஒரு பகுதி எடுக்கலாம் | நிர்வாகம் கட்டத் தாமதித்தல் |
| என்.பி.எஸ். | சந்தையைப் பொறுத்தது | பாதிப்பில்லை | பெரும்பகுதி பூட்டு | மிகக் கடினம் | ஆன்யுட்டி கட்டாயம் |
| பி.பி.எஃப். | 40 லட்சம், 7.1% நீடித்தால் | பாதிப்பில்லை | ஆண்டுக்கு 500 போதும் | 7-ம் வருடத்திலிருந்து ஒரு பகுதி | குறைந்த வட்டி |
| இண்டெக்ஸ் ஃபண்ட் | 45 முதல் 84 லட்சம் | பாதிப்பில்லை | தண்டமில்லை | மூன்று நாளில் போய்விடும் | கமிஷன், பயத்தில் விற்பது |
| மனை | சொல்ல முடியாது | பாதிப்பில்லை | தவணைத் திட்டம் என்றால் ஆபத்து | விற்றால் முழுதும் போகும் | பதிவு, பராமரிப்பு, வில்லங்கம் |
| நகை | சொல்ல முடியாது | பாதிப்பில்லை | தண்டமில்லை | முதலில் போவது இதுதான் | செய்கூலி, சேதாரம், லாக்கர் |

## யாருக்கு எது

பி.எஃப். உள்ள ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் 32 வயது சிஸ்டர் என்றால் நான் சொல்வது: 3,000 வி.பி.எஃப்., 2,000 நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் டைரக்ட் வகை. வருடா வருடம் சம்பள உயர்வு வரும்போது அதில் பாதியை இரண்டிலும் கூட்ட வேண்டும். ஆன்-கால் படியைச் செலவுக் கணக்கிலேயே சேர்க்காமல் ஆறு மாதச் செலவு சேரும் வரை வங்கியில் போட்டு வையுங்கள். அந்தப் பணம் இருந்தால்தான் மாமனார் ஆஞ்சியோவுக்கு பி.எஃப்.பைத் தொடாமல் இருக்க முடியும்.

கேஸுக்குக் கேஸ் போகும் டெக்னீஷியன் பிரதருக்கு வேறு வரிசை: அடல் பென்ஷன், பி.பி.எஃப்., மிச்சத்தில் இண்டெக்ஸ் ஃபண்ட். வருமானம் ஒரே சீராக இல்லாதவர் என்பதால் மாதம் இவ்வளவு என்று கட்டாயப்படுத்தாத பி.பி.எஃப். அவருக்குத் தோதானது. 45 தாண்டி முதல்முறையாக யோசிப்பவர், பெரும்பகுதியை வி.பி.எஃப்.பிலேயே வைக்கலாம். சந்தை விழுந்தால் எழும் வரை காத்திருக்கும் நேரம் அவரிடம் குறைவு. 60 ஆனதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றலாம். இப்போதைய 8.2 சதவீதத்தில் அதன் உச்சவரம்பான 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் போகும் முன் பி.பி.எஃப். தொடங்கிவிட்டுப் போகட்டும், பி.எஃப்.பைக் கலைக்காமல் விட்டுவிட்டுப் போகட்டும்.

வைத்தியச் செலவு இந்தக் கணக்கை எல்லாம் தின்றுவிடக்கூடியது. சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. நின்றுவிடும், அந்த வருடமே குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுங்கள். தாண்டாமல் ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெறுபவருக்கு ஆண்டுக்கு 120 ரூபாயில் தம்பதிக்கு வைத்தியம் தொடரும். இதைத் தெரியாமலே ஓய்வு பெற்றுப் போகிறவர்கள் ஏராளம்.

ஏப்ரல் வரை வி.பி.எஃப்.புக்குக் காத்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பழைய ஆஸ்பத்திரிகளில் வேலை விட்ட தேதி ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறாவிட்டால் பணம் மாறாது. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்திருந்தால் அந்தத் தேதியை நீங்களே இணையத்தில் பதியலாம். பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தால் கல்யாணமானதும் அந்த நியமனம் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். ஆன்லைனில் தீராத சிக்கல் என்றால் சொக்கிகுளம் பி.எஃப். அலுவலகத்துக்கு நேரில் போங்கள். நைட் டியூட்டி முடித்துவிட்டு அப்படியே போகிறவர்கள் பழைய ஆஸ்பத்திரியின் நியமன ஆணையையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் முந்தின நாளே பையில் வைத்துக்கொள்ளுங்கள், அவை இல்லாமல் போனால் இன்னொரு முறை வரச் சொல்வார்கள்.